செவ்ரோலெட் பேனல் டிரக்குக்கு மஸ்டாங் 2 முன் சஸ்பென்ஷன் கிட்: எதைப் பார்த்து வாங்குவது, எங்கே சறுக்கும்

செவ்ரோலெட் 1947 கோடையில் கொண்டுவந்த அட்வான்ஸ் டிசைன் வரிசையில் 3105 என்பது அரை டன் பேனல் டிரக். சக்கர இடைவெளி 116 அங்குலம். பின்பகுதியின் பக்கங்களில் ஜன்னல் இல்லாத முழுத் தகட்டு உடல், பின்னால் இரட்டைக் கதவு. ஸ்ட்ரீட் ராட் (நவீன பாகங்கள் வைத்துச் சாலையில் ஓட்டும் பழைய வண்டி) கட்ட இதைவிட அழகான வண்டி அமைவது கஷ்டம். ஆனால் அதன் முன்பகுதி அந்தக் காலத்துச் சரக்கு வண்டிக்கானது: இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றை ஐ-பீம் அச்சு, இரண்டு பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின் தந்த 90 குதிரைத் திறனுக்கும், 4.11 பின் அச்சு விகிதத்துக்கும் அது போதும். அதே சட்டத்தில் (சேஸிஸ்) செவ்ரோலெட்டின் ஸ்மால் பிளாக் வி8 எஞ்சினை வைத்து நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்தில் போனால் ஸ்டியரிங் அலையும், பிரேக் ஒரு பக்கம் இழுக்கும். இதற்குப் பலரும் வாங்குவது மஸ்டாங் 2 வகை முன் சஸ்பென்ஷன் கிட். ஓட்டுவதற்காகக் கட்டும் பேனல் டிரக்குக்கு இது நல்ல தேர்வு. ஆனால் எந்த மஸ்டாங் 2 கிட்டும் போதும் என்று நினைத்து வாங்கினால் பணம் வீண்.

ஃபோர்டு 1974 முதல் 1978 வரை தயாரித்த சிறிய காரின் பெயர்தான் கிட்டுக்கு வந்தது. அந்தக் காரின் முன்பகுதி அடக்கமானது. மேலே ஒரு கை (கன்ட்ரோல் ஆர்ம்), கீழே ஒரு கை, நடுவில் சுருள் ஸ்பிரிங், அச்சுக்கு முன்னால் ஸ்டியரிங் ராக் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு). பழைய சட்டத்தின் இரண்டு பக்கங்களுக்கு நடுவே அப்படியே உட்காரும். பால் ஜாயின்ட், டை ராட் முனை, பிரேக் பேட் எல்லாம் அமெரிக்காவில் எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கும். ஹைட்ஸ், டிசிஐ இன்ஜினியரிங், ஃபேட்மேன் ஃபேப்ரிகேஷன்ஸ், ஸ்பீட்வே மோட்டார்ஸ் என்று பல நிறுவனங்கள் இதே வடிவத்தைத் தங்கள் வழியில் செய்து விற்கின்றன. இன்று வரும் கிட்டில் அசல் ஃபோர்டு பாகம் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் புதிதாக வார்த்தவை, வளைத்தவை, வெட்டியவை. அதனால் பாகத்துக்குப் பாகம் தரம் மாறும்.

முதலில் கீழ்க் கையைப் பாருங்கள். அசல் மஸ்டாங் 2-இல் கீழ்க் கை ஒரே ஒரு போல்ட்டில் தொங்கும். பிரேக் பிடிக்கும்போது அது பின்னால் போகாமல் தடுக்கத் தனியாக ஒரு ஸ்ட்ரட் ராட் உண்டு. மலிவான கிட்டுகள் இதையே பின்பற்றுகின்றன. ராடின் மறுமுனையைத் தாங்கும் பிராக்கெட்டைச் சட்டத்தில் நீங்கள்தான் வெல்டு வைக்க வேண்டும், அந்த இடத்தில் சட்டம் பலமாகவும் இருக்க வேண்டும். மஸ்டாங் 2-ஐவிட பேனல் டிரக் கனமானது என்பதால், பிரேக் விசை முழுவதும் அந்த பிராக்கெட்டில்தான் போய் முட்டும். கூடுதல் பணம் கொடுத்தாவது, அகலமாக விலகிய இரண்டு புஷ்களில் உட்காரும் குழாய்க் கீழ்க் கை உள்ள கிட்டையே வாங்குங்கள். ஸ்ட்ரட் ராட் தேவையே இருக்காது.

அடுத்தது மேல் கை. அதைப் பிடிக்கும் டி-போல்ட்கள் நீளமான துளையில் நகர்ந்து கேம்பரையும் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்) காஸ்டரையும் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின் சாயும் கோணம்) சரிசெய்ய உதவுகின்றன. அந்தத் துளையைச் சுற்றிப் பல் வெட்டு இல்லாமல் வழவழப்பாக இருந்தால், முறுக்கு குறைந்த ஒரு நாளில் கடும் பிரேக்கில் கை நழுவி அலைன்மென்ட் போய்விடும். பெட்டியைத் திறந்ததும் அந்தப் பரப்பை விரலால் தடவிப் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்கின் அளவையும் விடாதீர்கள். அசல் அளவு 9 அங்குலத்துக்குச் சற்று மேல், இந்த எடைக்கு அது போதாது. 11 அங்குல டிஸ்க், ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) காலிப்பர் கொண்ட பொதியைக் கேளுங்கள். ஆனால் சில 11 அங்குலப் பொதிகள் சக்கரத்தை ஒவ்வொரு பக்கமும் அரை அங்குலம் வரை வெளியே தள்ளும். வண்டியைத் தாழ்த்தியபின் டயர் மட்கார்டு ஓரத்தை உரசுவதற்கு இதுவே பெரிய காரணம். மஸ்டாங் 2-இன் அடிப்படை அகலம், டிஸ்க் முகத்திலிருந்து முகம் வரை, சுமார் 56½ அங்குலம். டிரக்குக்கென்று அகலப்படுத்திய கிட்டும் கிடைக்கும். எது வேண்டும் என்பதை மட்கார்டு பொருத்திய நிலையில், நீங்கள் போடப்போகும் ரிம்மின் உள் ஆழத்தையும் சேர்த்து அளந்து முடிவு செய்யுங்கள். விற்பவரின் பட்டியலில் உங்கள் ரிம்மைப் பற்றி எதுவும் இருக்காது.

இனி வெல்டிங். கிட் நன்றாக வருமா கெடுமா என்பது இங்கேதான் தீர்மானமாகும். வண்டியைப் பிரிக்கும் முன், மட்கார்டு வளைவின் நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டு அச்சின் மையத்தைச் சட்டத்தில் இரு பக்கமும் ஆணியால் கீறிக்கொள்ளுங்கள். பழைய அச்சு இருந்த இடத்தை அப்படியே நம்ப வேண்டாம். பட்டை ஸ்பிரிங் தளர்ந்த வண்டியில் அச்சு ஒரு பக்கம் பின்னால் போயிருக்கும், வண்டி தாழும்போது சக்கரம் வளைவின் நடுவில் இல்லாதது பளிச்சென்று தெரியும். கீறிய பின் ஸ்பிரிங் தாங்கிகளின் ரிவெட் தலைகளைக் கிரைண்டரால் தேய்த்து, நடுவில் துளையிட்டு, பஞ்சால் அடித்து வெளியேற்றுங்கள். டார்ச்சால் வெட்டினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும்.

சட்டத்தை ஸ்டாண்டில் ஏற்றும்போது சமமாக வைக்கக் கூடாது. வண்டி ஓடும்போது முன்புறம் எவ்வளவு தாழ்ந்திருக்கப் போகிறதோ, அந்தச் சரிவிலேயே வைக்க வேண்டும். ஒன்று அல்லது இரண்டு டிகிரி போதும். அந்த நிலையில் கிராஸ்மெம்பரின் (சட்டத்தின் இரு பக்கத்தையும் இணைக்கும் கிட்டின் குறுக்குத் தண்டு) மேல் கை மேடைகள் கிட்டின் குறிப்பில் சொல்லியபடி ரசமட்டத்தில் நிற்க வேண்டும். சட்டத்தைச் சமமாக வைத்து வெல்டு வைத்துவிட்டுப் பின்னர் வண்டியைச் சரித்தால், சரிந்த டிகிரி அத்தனையும் காஸ்டரிலிருந்து போய்விடும். பிறகு அலைன்மென்ட் கடையில் டி-போல்ட்டை நகர்த்தி அதை முழுதாக மீட்பது கஷ்டம். உயரத்தை டயரிலிருந்து கணக்கிடுங்கள். 205/70ஆர்15 டயரின் விட்டம் சுமார் 26.3 அங்குலம், பாரம் ஏறியபின் அச்சு மையம் தரையிலிருந்து 13 அங்குலத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும். அந்த உயரத்தில் கீழ்க் கை தரைக்கு இணையாக இருக்கும்படி கிராஸ்மெம்பரை வையுங்கள்.

இதற்கெல்லாம் ஸ்பிரிங் போடக் கூடாது. ஷாக் அப்சார்பர் இருக்கும் இடத்தில் இரு துளை போட்ட இரும்புப் பட்டையை மாட்டி, கையை அந்த உயரத்தில் பூட்டிவிடுங்கள். திறந்த சட்டத்தின் உட்பக்கத்தை 3/16 அங்குலத் தகட்டால் பெட்டியாக மூடுவது கட்டாயம். கிராஸ்மெம்பருக்கு முன்னும் பின்னும் ஓரடியாவது மூடினால் நல்லது. எல்லாவற்றையும் டேக் (சிறு புள்ளி வெல்டு) மட்டும் அடித்துவிட்டு, கிராஸ்மெம்பரின் இரு மூலையிலிருந்தும் பின்னால் ஒரே போல்ட் துளைக்குக் குறுக்கு அளவு எடுங்கள். வித்தியாசம் 1/16 அங்குலத்துக்குள் இருந்தால்தான் முழு வெல்டு. அதையும் ஒரே இழுப்பில் வைக்காமல் இரண்டு அங்குலம் இரண்டு அங்குலமாகப் பக்கம் மாற்றி மாற்றி, சட்டத்துக்குக் குறுக்கே தற்காலிகக் குழாய் ஒன்றை வெல்டு வைத்தபடி செய்யுங்கள். அது இல்லாவிட்டால் வெப்பம் இரு பக்கத்தையும் உள்ளே இழுத்துவிடும்.

வெல்டு முடிந்ததும் செய்ய வேண்டிய ஒரு சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங் இல்லாத நிலையிலேயே ஜாக்கியால் கீழ்க் கையை இரண்டு அங்குலம் மேலே, இரண்டு அங்குலம் கீழே நகர்த்தி, டிஸ்க் எவ்வளவு உள்ளே வெளியே திரும்புகிறது என்று பாருங்கள். 1/16 அங்குலத்துக்கு மேல் திரும்பினால் ஒவ்வொரு குழியிலும் வண்டி தானாகத் திரும்பப் பார்க்கும். ராக்கின் உள் மூட்டு, மேல் கை கீழ்க் கைகளின் உள் மூட்டுகளை இணைக்கும் கோட்டில் இல்லாததுதான் காரணம். ராக்கை வாஷர் வைத்து உயர்த்தியோ தாழ்த்தியோ இதைச் சரிசெய்யலாம். பவர் ராக் என்றால் இன்னொன்றும் கவனியுங்கள். ஜிஎம் பம்ப்பின் அழுத்தம் ஃபோர்டு வகை ராக்குக்கு அதிகம். அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு போடாவிட்டால் ஸ்டியரிங் தொட்டாலே திரும்பும், நெடுஞ்சாலையில் கை ஓயாது.

எஞ்சின் பொருத்துவதில் இந்தக் கிட் நன்றாகவே ஒத்துழைக்கிறது. ராக் முன்னால் இருப்பதால், பள்ளம் பின்புறம் உள்ள ஸ்மால் பிளாக் செவ்ரோலெட் ஆயில் சம்ப் அப்படியே உட்காரும். ஜிஎம்மின் பிந்தைய தலைமுறை வி8 ஆன எல்எஸ் எஞ்சின் டிரக்கிலிருந்து எடுத்ததாக இருந்தால் அதன் சம்ப் மிக ஆழம், 1998 முதல் 2002 வரையிலான கமாரோ சம்ப்பை மாட்டுங்கள். ஸ்டியரிங் கம்பி இடது பக்கச் சைலன்சர் குழாயோடு மோதுவது இந்த டிரக்கில் வழக்கமான தலைவலி. பழைய ராம்ஸ் ஹார்ன் வார்ப்பு எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு போட்டால் இடம் கிடைத்துவிடும். கம்பியில் மூன்று யு-ஜாயின்ட் தேவைப்பட்டால் நடுவில் ஒரு தாங்கி பேரிங் இல்லாமல் விடாதீர்கள்.

மாஸ்டர் சிலிண்டரை அசல் இடமான தரைத் தகட்டின் கீழேயே வைத்தால், அது காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கும். பிரேக் ஆயில் திரும்பி வழிந்து, முதல் மிதியில் பெடல் தரையைத் தொடும். இதைத் தடுக்க முன் டிஸ்க் லைனில் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் சிறு அழுத்தத்தைத் தக்கவைப்பது), பின்னால் டிரம் இருந்தால் 10 பிஎஸ்ஐ வால்வு, கூடவே பின் லைனில் சரிசெய்யக்கூடிய புரோபோர்ஷனிங் வால்வு (பின் பிரேக் அழுத்தத்தைக் குறைப்பது) வேண்டும். பெரும்பாலான கிட்டுகளில் இவை இருக்காது, தனியாக வாங்க வேண்டும்.

பின் அச்சுக்கு ஒரு வரி போதும்: அசல் டார்க் ட்யூப் (டிரைவ் ஷாஃப்டைக் குழாய்க்குள் மூடிய) அச்சு நவீன கியர்பாக்ஸோடு சேராது, 1995 முதல் 2001 வரையிலான ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 அச்சில் டிஸ்க் பிரேக்கும், 5 போல்ட் 4½ அங்குல அமைப்பும் இருப்பதால், முன் டிஸ்க்கையும் அதே அமைப்பில் வாங்கினால் நான்கு ரிம்மும் ஒன்றாகிவிடும்.

யாருக்கு இது வேண்டாம்? ஆறு சிலிண்டர் எஞ்சினையே வைத்துக்கொண்டு ஊருக்குள் ஓட்டுபவர், ஐ-பீம் அச்சின் கிங்பின்னை (சக்கரம் திரும்பும் ஊசி) மாற்றி, முன்னால் டிஸ்க் பொதி போட்டாலே திருப்தியாக ஓட்டலாம். சட்டத்தை வெட்டவே வேண்டாம். பழைய கமாரோவின் முன்சட்டத்தை வெட்டி ஒட்டும் வழி 1970களிலிருந்து இருக்கிறது. ஆனால் அதில் சிறு கோணல் வந்தாலும் மட்கார்டு, பானட், கிரில் எதுவும் சேராது. அதைவிட இந்தக் கிட் எவ்வளவோ மேல்.

ஸ்பிரிங்கைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். எஞ்சின், ரேடியேட்டர், மட்கார்டு, பானட் எல்லாம் ஏறிய பின்தான் முன்புற எடை தெரியும். உயரம் சரிசெய்யக்கூடிய காயில் ஓவர் (ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் அமைந்தது) இருந்தால் ஸ்பிரிங்கை வெட்ட வேண்டியதில்லை. வெட்டித்தான் ஆக வேண்டுமானால் அரைச் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வெட்டாமல், டார்ச்சைத் தொடாமல், கட்டிங் வீலால் வெட்டுங்கள். அலைன்மென்ட் கடையில் கொடுக்க வேண்டிய எண்கள்: கேம்பர் பூஜ்யம் முதல் மைனஸ் அரை டிகிரி, காஸ்டர் கைமுறை ராக்குக்கு 1 முதல் 2 டிகிரி, பவர் ராக்குக்கு 3 முதல் 4, டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். முறுக்கிய டி-போல்ட்கள் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டு, 500 மைல் ஓடியதும் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி முறுக்குங்கள்.