ஏழு மணிக்கு எங்கே போவது? குடியை நிறுத்தியவருக்கான கூட்டங்கள், ஓர் ஒப்பீடு

அண்ணன் குடியை விடுகிறேன் என்று கிளம்பியது இது மூன்றாவது தடவை. முதல் தடவை சபரிமலைக்கு மாலை போட்டார். 41 நாள் ஒரு சொட்டு தொடவில்லை. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலமே கடைக்குப் போய்விட்டார். அடுத்தது கோயிலில் கயிறு. அது ஒரு கல்யாண வீட்டில் அறுந்தது. மாலையையும் கயிற்றையும் நான் குறை சொல்லமாட்டேன், அந்த நாட்களில் வீடு நிம்மதியாகத்தான் இருந்தது. கெடு முடிந்த மறுநாள் "எப்படிப்பா இருக்கே" என்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால் இந்தத் தடவை கூட்டம் தேடினோம்.

தேடும் முன் டாக்டரைப் பாருங்கள். வருடக்கணக்கில் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தோடு போகாது. வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரிந்து பிதற்றலாம், உயிரே போகலாம். எந்தக் கூட்டமும் அதற்கு வைத்தியம் ஆகாது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்கலாம். 14446 என்ற அரசு இலவச எண்ணும் இருக்கிறது.

சரி, கூட்டங்கள். தமிழில் பேசுகிற கூட்டம் வேண்டும் என்றால் கைக்கு எட்டுவது பெரும்பாலும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்தான், சுருக்கமாக ஏ.ஏ. 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இருவருமே குடிநோயாளிகள், சேர்ந்து ஆரம்பித்தது. கட்டணம் இல்லை, ரெஜிஸ்டர் இல்லை. குடியை நிறுத்தவேண்டும் என்ற ஆசை ஒன்றே தகுதி. குடும்பத்தாரும் உட்காரக்கூடிய 'ஓப்பன் மீட்டிங்' ஒன்றுக்கு அண்ணனோடு நானும் போனேன். ஒரு பள்ளி வகுப்பறை, குழந்தைகள் உட்காரும் பெஞ்சு, எவர்சில்வர் டம்ளரில் டீ. ஒருவர் எழுந்து, "என் பேர் இது, நான் ஒரு குடிநோயாளி" என்று ஆரம்பித்து, மகளின் காதுகுத்துக்கு வைத்திருந்த பணத்தைக் குடித்த கதையைச் சொன்னார். யாரும் உச்சுக்கொட்டவில்லை, யாரும் புத்தி சொல்லவில்லை. பாதியில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். முடிவில் ஒரு பை சுற்றி வந்தது, இஷ்டப்பட்டவர்கள் போட்டார்கள். வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு.

குறை இல்லாமல் இல்லை. குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் பன்னிரண்டு படிகளில் கடவுள் அடிக்கடி வருவார். 'நாம் புரிந்துகொண்ட அளவில்' என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள், ஆனாலும் என் நாத்திக நண்பர் இரண்டே கூட்டத்தில் நின்றுவிட்டார். சின்ன ஊரில் இன்னொரு சங்கடம்: அங்கே கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது விதி, ஆனால் வாசலில் உங்கள் டூவீலர் நிற்பதை ஊர் பார்க்கும்.

அந்த நண்பருக்கு ஒத்துவந்தது ஸ்மார்ட் ரெக்கவரி. 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. இதில் கடவுள் இல்லை, 'நான் குடிநோயாளி' என்ற அறிமுகமும் கட்டாயமில்லை. குடிக்கத் தோன்றும்போது மனம் என்ன சாக்கு சொல்கிறது என்று தாளில் எழுதி அலசுவது போன்ற பயிற்சிகள். நல்ல முறைதான். ஆனால் அவருக்குக் கிடைத்தது ஆன்லைனில், ஆங்கிலத்தில். அண்ணனுக்கு அது சரிப்படவில்லை.

மருத்துவமனைகள் நடத்தும் குழுக்கள் மூன்றாவது வகை. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதில் முன்னோடி; குடியால் கணவரை இழந்தவர் அவர். டாக்டர், ஆலோசகர், குடும்பத்துக்குத் தனி வகுப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருப்பது இந்த வகையின் பெரிய பலம். டிஸ்சார்ஜ் ஆனபிறகும் வரச் சொல்வார்கள். வெளியூர்க்காரருக்கு அதுதான் கஷ்டம்.

எது வேலை செய்கிறது? மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று 2020இல் வந்தது; அது பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குடியை அடியோடு நிறுத்தி நிலைப்பதில், ஏ.ஏ.வுக்குள் முறையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சிகிச்சைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேலாகவே நின்றன. கொஞ்சம்தான். என் அளவுகோல் வேறு: அவர் வழக்கமாகக் குடிக்கிற நேரத்தில் நடக்கிற கூட்டம் எது? அண்ணனுக்குச் சாயங்காலம் ஏழு மணி. காலை பத்து மணிக் கூட்டம் எவ்வளவு நன்றாக இருந்தும் அந்த ஏழு மணியை அது நிரப்பாது. ஆன்லைன் கூட்டம் ராத்திரி பதினொன்றுக்கும் கிடைக்கும், முகம் தெரியவேண்டாம். ஆனால் கேமராவை அணைத்துவிட்டுக் குடிக்கலாம். அண்ணனே சிரித்துக்கொண்டு சொன்னது இது.

அண்ணியை விட்டுவிடாதீர்கள். குடிப்பவரின் குடும்பத்துக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அவர் குடியை விட்டாலும் விடாவிட்டாலும் போகலாம். சாப்பாட்டில் தெரியாமல் கலக்க ஒரு பொடி வாங்கி வைத்திருந்த அண்ணி, அங்கே போய் வந்த வாரம் அதைச் சாக்கடையில் கொட்டினார். கொட்டியதே நல்லது. ஆளுக்குத் தெரியாமல் மருந்து கொடுப்பது ஆபத்து.

இப்போது எங்கள் ஏற்பாடு இது: செவ்வாயும் வெள்ளியும் ஊரிலேயே ஏ.ஏ., ஞாயிறு பக்கத்து ஊரில், மற்ற நாட்களில் போன். ஞாயிறு கூட்டம் எட்டரைக்கு முடியும், திரும்பும் பஸ் ஒன்பதே காலுக்கு. பஸ் ஸ்டாண்ட் எதிரிலேயே டாஸ்மாக், பத்து மணி வரை திறந்திருக்கும். அதனால் ஞாயிறு மட்டும் நானும் கூடப் போகிறேன்.