டாஹோ ஏரிக்கரையில் டென்ட் போட இடம்: 420 டாலர் போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

போன வியாழக்கிழமை நடந்தது. இன்று செவ்வாய். இன்னும் கார் டிக்கியைத் திறந்து டென்ட்டை வெளியே எடுக்க மனசு வரவில்லை. திறந்தால் எரிச்சல்தான் வரும். அதற்குள் எழுதிவிடுகிறேன்: எங்களுக்கு 420 டாலர் போய்விட்டது. ஏமாற்றியது நம் ஆள். தமிழில் பேசி, அக்கா அக்கா என்று கூப்பிட்டு ஏமாற்றினான். டென்ட்டுக்கு நல்ல இடம் பார்ப்பது எப்படி என்பதையும் கடைசியில் சொல்கிறேன்.

முதலில், டென்ட் போட இடத்தை ஏன் இப்படி ஒருவரிடம் போய் வாங்கினோம் என்று கேட்பீர்கள். கலிபோர்னியா ஸ்டேட் பார்க்குகளில் கேம்ப்சைட், அதாவது டென்ட் போடும் இடத்துக்கு முன்பதிவு ஆறு மாதத்துக்கு முன்னால், காலை எட்டு மணிக்குத் திறக்கும். ஜூலை 4 விடுமுறைக்குப் போக வேண்டுமென்றால் ஜனவரி ஆரம்பத்திலேயே விழித்திருக்க வேண்டும். நாங்கள் விழித்திருந்தோம். நானும் என் கணவரும் ஆளுக்கொரு லேப்டாப். கலிபோர்னியா, நெவாடா எல்லையில் இருக்கும் டாஹோவின் மேற்குக் கரையில் டி.எல். பிளிஸ், எமரால்டு பே, சுகர் பைன் பாயிண்ட் என்று மூன்று பார்க்குகள் வரிசையாக இருக்கின்றன. மூன்றில் எது கிடைத்தாலும் சரி என்று உட்கார்ந்தோம். தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுப் பழகிய கைகள்தான். ஆனாலும் எட்டு மணி ஒரு நிமிடத்துக்கு திரையில் எல்லாம் சாம்பல் நிறமாகிவிட்டது, அதாவது இடம் தீர்ந்துவிட்டது.

மே மாதம் தென்காசியிலிருந்து மாமாவும் அத்தையும் வந்தார்கள். மாமா பொதுப்பணித் துறையில் முப்பது வருஷம் அணை, மதகு என்றே இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊர் போனாலும் "இங்க ஏரி எங்கப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. டாஹோ 501 மீட்டர் ஆழம் என்று பேரன் சொன்னதிலிருந்து அதைப் பார்த்தே ஆக வேண்டும் என்று இருந்தார். அந்த விடுமுறையில் அங்கே ஓட்டல் ரூம் ஒரு இரவுக்கே 400, 500 டாலர் காட்டியது.

இந்த நேரத்தில்தான் நம் ஆட்கள் வாங்க, விற்க, வாடகைக்கு விட வைத்திருக்கும் ஒரு குழுவில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. பெயர் சொல்ல மாட்டேன், நிறையப் பேர் இருக்கிற குழு. "ஜூலை 3 முதல் மூன்று இரவு, ஏரிக்கரை கேம்ப்சைட், அவசரமாக ஊருக்குப் போகிறோம், வேண்டியவர்கள் தொடர்பு கொள்ளவும்." கூடவே ஒரு படம். இரண்டு பைன் மரங்களுக்கு நடுவே பச்சை ஊஞ்சல் வலை, பின்னால் நீலமாகத் தண்ணீர்.

நான் உடனே பணம் அனுப்பிவிடவில்லை. அதுதான் இப்போது இன்னும் வலிக்கிறது. நாலு வருஷமாக டென்ட் போட்டுப் பட்ட அனுபவம் இருக்கிறது. ஒரு தடவை தண்ணீருக்குப் பக்கத்தில், பள்ளமாக, அழகாக இருக்கிறதே என்று போட்டோம். ராத்திரி குளிர்காற்று முழுக்க அந்தப் பள்ளத்தில் இறங்கி, காலையில் டென்ட் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இன்னொரு தடவை பக்கத்து சைட்டில் ஒரு பெரிய ஆர்வி (வீடு மாதிரி வண்டி), அதன் ஜெனரேட்டர் சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. அதனால் அந்த ஆளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். தரை சமமா, சரிவா? மேடா, பள்ளமா? டாய்லெட் எவ்வளவு தூரம்? மாலை வெயில் எந்தப் பக்கம் அடிக்கும்? பக்கத்தில் பட்டுப்போன மரம் எதுவும் இருக்கிறதா? கரடிப் பெட்டி (கரடி திறக்க முடியாத சாப்பாட்டுப் பெட்டி) நல்ல நிலையில் இருக்கிறதா?

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான்.

"அக்கா, பெரியவங்க வர்றாங்கன்னு சொல்றீங்க. டாய்லெட் ரொம்பப் பக்கத்துல இருந்தா ராத்திரி பூரா கதவு சத்தம், லைட்டு. இது நாலு சைட் தள்ளிக்கா. முட்டி வலி இருந்தாக்கூட நடந்துடலாம். தண்ணி பைப்பு எதிர்லயே இருக்கு."

அந்த ஒரு பேச்சில் நான் விழுந்தேன். அத்தைக்கு முட்டி வலி என்று நான் சொல்லவே இல்லை. அவனாகவே வயசானவர்கள் என்றதும் யோசித்துச் சொல்கிறான், எவ்வளவு நல்ல பையன் என்று நினைத்தேன். நாமக்கல் பக்கமாம். அம்மாவுக்கு ஆபரேஷனாம், அதனால் ஊருக்குப் போகிறானாம். நான் வேறு "அம்மாவை நல்லா பாத்துக்கோப்பா" என்று ஆறுதல் சொன்னேன். இதை எழுதும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

பிறகுதான் தெரிந்தது, அவன் சொன்ன அத்தனையும் முன்பதிவுத் தளத்தில் இருக்கும் வரைபடத்தையும் படத்தையும் பார்த்தாலே யாரும் சொல்லிவிடலாம். டாய்லெட் எங்கே, குழாய் எங்கே எல்லாம் அதில் குறி போட்டிருக்கும். நான் பரீட்சை வைத்தேன், அவன் புத்தகத்தைப் பார்த்து எழுதினான்.

விலை 420. நாங்கள் பார்த்தபோது அந்தப் பார்க்கில் ஒரு இரவுக்கு 35 டாலர், கரையை ஒட்டிய சைட் என்றால் கொஞ்சம் கூடுதல். மூன்று இரவுக்கு நூற்றைம்பதைத் தாண்டாது. மூன்று மடங்கு கேட்கிறான் என்று தெரிந்துதான் கொடுத்தோம், அதை மறைக்கப் போவதில்லை. ஒரு இரவு ஓட்டல் காசில் மூன்று நாள் ஏரிக்கரை என்று கணக்குப் போட்டோம்.

முதலில் 200 அட்வான்ஸ். முன்பதிவுக் கடிதத்தின் ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான், அதில் எண், தேதி, சைட் எல்லாம் சரியாக இருந்தது. பிறகு மீதி 220. போன் ஆப்பில் "தெரிந்தவர்களுக்கு அனுப்புவது" என்ற பிரிவில் போடச் சொன்னான், இல்லாவிட்டால் கமிஷன் பிடித்துக்கொள்வார்களாம். "கேட்ல இந்த நம்பரைக் காட்டுனா போதும்க்கா, நான் பேரை மாத்தி விட்டுடறேன்" என்றான். இது நடந்தது ஜூன் 14. அதன்பின் ஒரு வாரம் குட்மார்னிங் கூட அனுப்பிக்கொண்டிருந்தான்.

வியாழன் காலை நாலரைக்குக் கிளம்பினோம். புளியோதரை, தயிர் சாதம், ஒரு ஐஸ் பெட்டி நிறையச் சாமான். சாக்ரமெண்டோ தாண்டியதும் விடுமுறை நெரிசல். ட்ரக்கி வழியாக இறங்கி பார்க் வாசலுக்குப் போகும்போது மணி பதினொன்றரை. கூண்டுக்குள் ஒரு இளம்பெண் ரேஞ்சர். எண்ணைத் தட்டினார். பார்த்தார். மறுபடி தட்டினார்.

"இது ஜூன் 23 அன்று ரத்தாகியிருக்கிறது" என்றார்.

எண் பொய்யில்லை. உண்மையான முன்பதிவு. எங்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, ஒன்பது நாள் பொறுத்திருந்து, அதை ரத்து செய்திருக்கிறான். அரசு வாடகையையும் திருப்பி வாங்கியிருப்பான். ரத்தான இடம் தளத்தில் திரும்ப வந்து, யாரோ நேர்மையாக அரசு விலைக்கு எடுத்திருக்கிறார்கள். அவர்கள் அப்போது அந்தச் சைட்டில் டென்ட் போட்டுச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்மேல் என்ன கோபம்? எங்கள் 420 டாலருக்கு அந்த இடத்தைக் கண்ணால்கூடப் பார்க்க முடியவில்லை.

ரேஞ்சர் பாவம், அக்கம்பக்கத்துக் கேம்ப்கிரவுண்டுகளின் பட்டியல் கொடுத்தார். இரண்டு மணி நேரம் அலைந்தோம். எல்லா வாசலிலும் "இடமில்லை" பலகை. எங்களுக்குப் பின்னால் நின்ற கார்காரன் ஹாரன் அடித்தது இன்னும் காதில் இருக்கிறது.

என் கணவர் அவனுக்குப் போன் போட்டார். ஆச்சரியம், எடுத்தான். "அப்படியாண்ணா? சிஸ்டம் பிராப்ளமா இருக்கும். பத்து நிமிஷம் குடுங்க." அந்தப் பத்து நிமிஷம் இன்னும் முடியவில்லை. சாயங்காலம் "டிரைவிங்" என்று ஒற்றை வார்த்தை வந்தது. ராத்திரி அவன் படம் காணாமல் போயிற்று, பிளாக்.

ட்ரக்கியில் ஒரு மோட்டலில் 310 டாலர் கொடுத்து ஐந்து பேர் ஒரு ரூமில் படுத்தோம். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மறுநாள் காலை மாமாவை டாஹோ சிட்டியில் ஏரியின் வாய்க்குக் கூட்டிப்போனோம். அவ்வளவு பெரிய ஏரிக்கு வெளியேறும் வழி அந்த ட்ரக்கி ஆறு ஒன்றுதான். அங்கே 1913-ல் கட்டி முடித்த சின்ன அணை ஒன்று உண்டு. மாமா பாலத்தில் நின்று மதகுகளை எண்ணினார். பதினேழு. "ஆறு கடலுக்குப் போகாதா?" என்று கேட்டார். போகாது, நெவாடாவில் இன்னொரு ஏரியில் போய் முடிகிறது என்றதும் அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசினார். எங்கள் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் பேசினாரோ என்னவோ.

அப்புறம் வீட்டுக்கு வந்து ஆரம்பித்தது அடுத்த கூத்து.

பணம் அனுப்பிய ஆப்பில் புகார் கொடுத்தேன். நாலு நிமிடத்தில் பதில்: தெரிந்தவர்களுக்கு அனுப்பும் பிரிவில் போட்டதால் பாதுகாப்பு கிடையாது, தொடர்பு கொண்டதற்கு நன்றி. மனிதர் யாராவது படித்தார்களா என்றே தெரியவில்லை. வங்கிக்குப் போட்டால் நாற்பது நிமிடம் பாட்டு, பிறகு ஒரு அம்மா "நீங்களே அனுப்பியதுதானே?" என்றார். ஆமாம், நானேதான் அனுப்பினேன், 420 டாலர், இரண்டு தவணையில். "அப்படியென்றால் இது மோசடிப் பரிவர்த்தனை ஆகாது." வேறு என்ன ஆகும் என்று கேட்டேன். எழுத்தில் அனுப்பச் சொன்னார். போலீசில் ஆன்லைனில் புகார் பதிந்தேன், ஒரு எண் வந்தது, தேவைப்பட்டால் கூப்பிடுவார்களாம். முன்பதிவு உதவி எண்ணில் இருந்தவர் மரியாதையாகவே பேசினார், ஆனால் அடுத்தவர் கணக்கு விவரம் எதையும் சொல்ல முடியாது என்றார். அது நியாயம்தான்.

எனக்கு வயிற்றெரிச்சல் அந்தக் குழுவை நடத்துபவர்கள்மேல்தான். நடந்ததை எழுதிப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் பதிவைக் காணோம். கேட்டால், "நாங்க இடம் மட்டும்தான் குடுக்கிறோம் மேடம், கொடுக்கல் வாங்கல் உங்க பொறுப்பு. குழுவோட அமைதி கெடுது" என்கிறார் ஒருவர். அவனுடைய விளம்பரம் இரண்டு வாரம் அங்கே இருந்தபோது கெடாத அமைதி, என் பதிவால் கெட்டுவிட்டதாம். "420 டாலர்தானே, விட்டுத் தள்ளுங்க" என்று இன்னொருவர். அந்த 420 டாலருக்கு ஊரில் என்னவெல்லாம் செய்யலாம் என்று அத்தை கணக்குச் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

சரி, இடம் பார்ப்பது பற்றிச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதை விரித்து எழுத நிதானம் இல்லை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேம்ப்சைட்டைத் தனியாளிடம் காசு கொடுத்து வாங்காதீர்கள், தமிழ் பேசினாலும் வாங்காதீர்கள். ரத்தாகும் இடங்கள் அரசுத் தளத்திலேயே திரும்ப வரும். கடைசி இரண்டு வாரம் தினமும் இரண்டு தடவை பாருங்கள். நாங்கள் அதைச் செய்திருந்தால் ஜூன் 23 அன்று அதே சைட்டை நாங்களே எடுத்திருக்கலாம்! முன்பதிவு எண் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், அது யார் கணக்கில் இருக்கிறதோ அவன் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். முன்பின் தெரியாதவனுக்கு "தெரிந்தவர்" பிரிவில் பணம் போடாதீர்கள். டென்ட் விஷயத்தில் மேடு, நிழல், டாய்லெட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, அவ்வளவுதான். அப்புறம் கரடிப் பெட்டிக்குள் சாப்பாட்டோடு பற்பசையையும் வையுங்கள். டாஹோவில் கரடி நடமாட்டம் உண்டு, ஜூலையிலும் ராத்திரி நன்றாகக் குளிரும்.

இன்னொன்று. இன்று காலை என் தோழி ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். வேறு பெயர், வேறு குழு, ஆகஸ்ட் முதல் வாரம், இரண்டு இரவு, 300 டாலர். இந்தத் தடவை அப்பாவுக்கு உடம்பு சரியில்லையாம். படம் மட்டும் அதேதான்: இரண்டு பைன் மரம், பச்சை ஊஞ்சல் வலை, வலையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புத் துண்டு தொங்கும். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு யாராவது அவனோடு பேசிக்கொண்டிருந்தால், தயவுசெய்து இப்போதே நிறுத்துங்கள். அட்வான்ஸ் அனுப்பிவிட்டீர்கள் என்றால் மீதியையாவது அனுப்பாதீர்கள்.