அம்மாவா, சித்தியா? குரலைப் பிரிக்கும் முறைகளில் எது தேறும்?

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பழைய கதை பேசுவதைப் பதிவு செய்துவருகிறேன். தமிழில் தொடங்கும் பேச்சு கன்னடத்தில் முடியும். நடுவில் குக்கர் விசிலடிக்கும். எந்த வரி யாருடையது என்று கம்ப்யூட்டரே பிரித்துத் தரட்டும் என்று சில முறைகளை ஓட்டிப் பார்த்தேன்.

பழையது ஜிஎம்எம் (GMM) என்ற புள்ளியியல் மாடல். 2000-இல் ரெனால்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் சகாக்களும் விரிவாக எழுதியது. பேச்சை 20 மில்லிசெகண்ட் அளவுக்கு நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் குரலின் தன்மையைச் சொல்லும் எம்எஃப்சிசி (MFCC) எண்களாக்கி, பலர் குரலில் தயாரான பொது மாடலை ஒவ்வொருவர் பக்கமாகவும் கொஞ்சம் நகர்த்துவார்கள். சாதாரண லேப்டாப் போதும். ஆனால் மைக் மாறினால் தடுமாறும். செல்போனில் பேசிய பெரியப்பாவையும் மைக்கில் பேசிய பெரியப்பாவையும் இரண்டு ஆளாக்கிவிட்டது.

2011-இல் பரவலான ஐ-வெக்டர் முழுப் பேச்சையும் சில நூறு எண்களில் அடக்கும். நீளமாகப் பேசினால் நன்றாகவே வேலை செய்யும். நாலு வார்த்தை என்றால் தள்ளாடும்.

2018-இன் எக்ஸ்-வெக்டரில் பேச்சை எண்களில் அடக்கும் அந்த வேலை நியூரல் நெட்வொர்க்குக்குப் போனது. இரைச்சலையும் எதிரொலியையும் வேண்டுமென்றே கலந்து பயிற்சி கொடுப்பதால் குக்கர் விசிலுக்கு அவ்வளவாக அசரவில்லை. 2020-இல் வந்த எகாபா (ECAPA) என்ற நியூரல் நெட்வொர்க், பேச்சின் எந்த நொடி ஆளைக் காட்டிக்கொடுக்கிறதோ அதற்குக் கூடுதல் எடை தருகிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

வாக்ஸ்செலெப் என்ற குரல் தொகுப்பை வைத்து நடந்த சோதனையில் எகாபாவின் பிழை 0.87 சதவீதம். அதாவது, வேற்றாளை ஏற்பதும் சரியான ஆளை மறுப்பதும் சமமாகும் இடத்தில் உள்ள பிழை. அந்த எண்ணை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. அந்தத் தொகுப்பு யூடியூபில் பிரபலங்கள் பேசியதிலிருந்து எடுத்தது, பெரும்பாலும் ஆங்கிலம். இரண்டு குரல் எவ்வளவு ஒத்திருந்தால் ஒரே ஆள் என்ற எல்லையை நம் வீட்டுப் பதிவுகளை வைத்தே நாமே குறிக்க வேண்டும். எந்த மாடல் என்பதைவிட எனக்கு அதிகம் கைகொடுத்தது இதுதான்.

அம்மாவும் சித்தியும் உடன்பிறந்தவர்கள். போனில் அப்பாவே குழம்பியிருக்கிறார். நீளமாகப் பேசினால் எகாபா இருவரையும் பிரித்துவிடுகிறது. வெறும் “ஆமா”, “அய்யோ” என்றால் முடியவில்லை. அந்தச் சின்னத் துண்டுகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமை ஹெட்போனில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டுகிறேன். “இது நான்டா. அடுத்தது உன் சித்தி, இழுத்துச் சொல்றா பாரு” என்கிறாள்.