கோவா கேசினோல முதல் தடவை போக்கர்: சேலத்து மூணு சீட்டு கோஷ்டியோட ரிவ்யூ

முதல்லயே சொல்லிடறேன், கேசினோ பேரு போடல. பனாஜில மாண்டோவி ஆத்துல வரிசையா கப்பலுங்க நிக்குதே, அதுல ஒண்ணு. அவ்ளோதான். பாராட்டறதுக்கும் விஷயம் இருக்கு, திட்டறதுக்கும் நெறைய இருக்கு, எதுக்கு வம்பு.

நாங்க நாலு பேரு, எல்லாரும் செவ்வாப்பேட்டை பக்கம். நான் கொலுசுப் பட்டறை, ஒருத்தன் ஜவ்வரிசி ஏவாரம், மத்த ரெண்டு பேரும் வேலைக்கு போறவனுங்க. தீபாவளி ராத்திரி மூணு சீட்டு, லீவு நாள்ல ரம்மி, இது எட்டாவது படிக்கறப்பல இருந்து ஓடுது. அதுல ஜவ்வரிசிக்காரன் மட்டும் போன்ல போக்கர் ஆடிட்டு இருந்தான், அந்த ஆப்பு கதையே ஒரு பெரிய கதை, தமிழ்நாட்டுல 2023-ல தடை சட்டம் வந்துச்சு, அதே வருஷம் நவம்பர்ல ஹைகோர்ட்டு ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுக்கு அந்த தடை செல்லாதுன்னு சொல்லுச்சு, அப்புறம் 2025 ஆகஸ்ட்ல சென்ட்ரல் கவர்மெண்டே காசு வெச்சு ஆடற ஆன்லைன் கேம் மொத்தத்துக்கும் பூட்டு போட்டுருச்சு. பையன் ரெண்டு மாசம் பித்து புடிச்ச மாதிரி சுத்தினான். அப்புறம் ஒரு நாள் தட்டுவடை செட் சாப்பிட்டுட்டு இருக்கறப்ப "மாப்ள, நேர்லயே போயிடலாம்டா"ன்னான். நேர்லன்னா கோவாதான். அங்க 1976-ல போட்ட சூதாட்ட சட்டத்துல அப்புறமா திருத்தம் பண்ணி கேசினோவுக்கு லைசென்ஸ் குடுக்கறாங்க, அதுலயும் கரையில ஸ்டார் ஹோட்டல்ல எலக்ட்ரானிக் கேம் தான், ஆளு உக்காந்து சீட்டு போடற டேபிள் வேணும்னா தண்ணில நிக்கிற கப்பலுக்குத்தான் போகணும். வேடிக்கை என்னன்னா 2020-ல இருந்து கோவாக்காரங்களுக்கே உள்ள விளையாட அனுமதி கிடையாது. நம்மள மாதிரி வெளியூர் ஆளுங்களுக்காகவே நடக்குது கடை.

போறதுக்கு முன்னாடி டிசம்பர்ல ஏற்காடு ஏறினோம், ப்ராக்டிஸ்னு சொல்லி. நாகலூர் பக்கம் எங்க மாமாவுக்கு சின்னதா காபித் தோட்டம் இருக்கு. பழம் பறிக்கிற சீசன், களத்துல கொட்டை காயுது, காசுக்கு பதிலா வெச்சு ஆடற சில்லு கையில இல்ல, அதனால காபிக்கொட்டைதான் சில்லு. பச்சைக் கொட்டை 10, வறுத்தது 50, மிளகு 5. மூணு ராத்திரி விடிய விடிய ஆடினோம், வெளிய பனி, உள்ள போர்வை, மாமா நடுநடுவுல வந்து "டேய் வறுத்த கொட்டைய எண்ணித்தான் குடுத்துருக்கேன், ஒண்ணு கொறஞ்சாலும் கொன்னுடுவேன்"னு சொல்லிட்டு போவார். ஆட்டம் புரிஞ்சுது. ஆளுக்கு ரெண்டு சீட்டு மறைவா, நடுவுல அஞ்சு சீட்டு பொதுவா, முதல்ல மூணு, அப்புறம் ஒண்ணு, கடைசியா ஒண்ணு, மொத்தம் ஏழுல நல்ல அஞ்சு எடுத்துக்கணும். இதுல என்ன பெரிய வித்தைன்னு நெனச்சேன். ஆனா காபிக்கொட்டைக்கு எவன் பயப்படுவான்? எந்த கை வந்தாலும் எல்லாரும் கடைசி சீட்டு வரைக்கும் கொட்டைய போட்டுட்டே போனோம். அந்த மூணு ராத்திரி கத்துகிட்டது பாதி, கெடுத்துகிட்டது பாதி.

பொங்கல் முடிஞ்ச வாரம் கார்ல கெளம்பினோம். ஒசூர், தும்கூர், ஹூப்ளி வழியா கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். அதை விடுங்க.

கேசினோ: கரையில ஆபீஸ் மாதிரி ஒண்ணு, அங்க ஐடி பாப்பாங்க, 21 வயசு ஆகியிருக்கணும். அரை டவுசர், செருப்பு போட்டு போனா ஆம்பளைங்கள விட மாட்டாங்க, எங்க கூட வந்த ஒருத்தன் அங்கயே 900 ரூபாய்க்கு ஒரு மட்டமான ஷூ வாங்கினான். ஆளுக்கு 3,500 கட்டினோம், அதுல சாப்பாடு, டான்ஸ் ஷோ, கூடவே 1,500 ரூபாய்க்கு ஃப்ரீ சில்லு. இங்கதான் முதல் கோவம். கவுண்டர்ல இருந்தவர் "எல்லா டேபிள்லயும் செல்லும் சார்"ன்னார். உள்ள போனா போக்கர் டேபிள்ல அந்த சில்லு செல்லாது, ரூலெட், அந்தர் பாஹர் மாதிரி கேசினோவை எதிர்த்து ஆடற டேபிள்ல மட்டும்தான். காசாவும் மாத்த முடியாது. யோசிச்சு பாத்தா நியாயம்தான், போக்கர்ல நாம ஆடறது கேசினோ கூட இல்ல, எதிர்ல உக்காந்திருக்க ஆளு கூட, அவன் காசு நிஜக் காசு. ஆனா அதை கரையிலயே சொல்ல வேண்டியதுதானே.

சரின்னு அந்த ஃப்ரீ சில்லை அந்தர் பாஹர்ல வெச்சோம். நம்ம மங்காத்தா தாங்க அது, உள்ளே வெளியே. அரை மணி நேரத்துல தீந்துச்சு. ஜவ்வரிசிக்காரன் மட்டும் சூடாகி ரூலெட்ல சொந்தக் காசு 8,000 விட்டான். அந்த சக்கரத்துல ரெண்டு ஜீரோ, மொத்தம் 38 கட்டம், ஒரு நம்பர் அடிச்சா 35 மடங்குதான் தருவாங்க. மிச்சம் எங்க போகுதுன்னு கணக்கு போட்டுக்கோங்க. பத்தாவதுல கணக்குல 98 எடுத்தவன் அவன்.

போக்கர் ரூம் தனியா ஒரு மூலையில. ஒம்போது மணிக்கு பேரு குடுத்தோம், எங்களுக்கு அப்புறம் வந்த நாலு பேர உள்ள விட்டாங்க, கேட்டா "ரெகுலர் கெஸ்ட் சார்". பத்தே முக்காலுக்குத்தான் சீட்டு கெடச்சுது, அதுவும் எனக்கும் இன்னொருத்தனுக்கும் மட்டும். ஏசி குளிரு ஏற்காட்டு மார்கழிய விட மோசம், தயவு செஞ்சு முழுக்கை சட்டை போட்டுட்டு போங்க. சேர் மட்டும் அருமை, அஞ்சு மணி நேரம் உக்காந்தும் இடுப்பு வலிக்கல. டேபிள்ல போன் எடுக்கக் கூடாது, போட்டோ கூடவே கூடாது. கை நடக்கறப்ப இங்கிலீஷ் இல்ல ஹிந்தி தான் பேசணும், ரெண்டு பேர் தனி பாஷையில பேசி வெச்சு ஆடிடக் கூடாதாம். நானும் ஃப்ரெண்டும் ஒரே டேபிள், வாயத் தைச்ச மாதிரி உக்காந்திருந்தோம்.

ஆட்டம் 50-100. அதாவது ஒவ்வொரு கையிலயும் ஒருத்தர் 50, அடுத்தவர் 100 கட்டாயமா வெக்கணும், அது பேரு பிளைண்டு. கொறஞ்சது 5,000 ரூபாய்க்கு சில்லு வாங்கணும், வாங்கினேன். இந்த பிளைண்டுங்குற வார்த்தையிலயே முதல் கோளாறு. நம்ம மூணு சீட்டுல பிளைண்டுன்னா சீட்டை பாக்காம ஆடறது. இங்க அது கட்டாயக் காசு, அவ்ளோதான், சீட்டை தாராளமா பாக்கலாம். ஏற்காட்டுல இதை சொல்லித்தான் குடுத்தாங்க, ஆனாலும் கூட வந்தவன் முதல் தடவை பிக் பிளைண்டு, அதாவது அந்த 100 வெக்கிற முறை, வந்ததும் கெத்தா சீட்டை தொடாமயே சில்லை தள்ளினான் பாருங்க, ஒருத்தர் 600-க்கு ஏத்தினார், இவன் பாக்காமயே அதுக்கும் கட்டினான். டேபிளே இவன ஏதோ பெரிய ஆளுன்னு நெனச்சு மெரண்டுருச்சு. கடைசில தொறந்தா 7, 2. அதுக்கு மேல கேவலமான கை கெடையாது.

என் கதை அதை விட மோசம். முதல்ல, எதிர்ல 200 வெச்சிருந்தாங்க, நான் ஏத்தறதா நெனச்சு வாயே தொறக்காம ஒரே ஒரு 500 சில்லை வெச்சேன். டீலர் பொண்ணு மீதி 300-ஐ திருப்பிக் குடுத்துருச்சு. ஒத்த பெரிய சில்லு வெச்சா அது சும்மா கட்டறதுன்னுதான் அர்த்தமாம், ஏத்தணும்னா முன்னாடியே "ரெய்ஸ்"னு வாயால சொல்லணும். அடுத்து, முதல்ல 300 வெச்சுட்டு கையெடுத்து மறுபடி 300 வெச்சேன், அதுவும் செல்லாது, ஒரே தடவையில வெக்கணும். அந்த டீலர் நேபாளத்து பொண்ணு, ஒவ்வொரு தடவையும் மூஞ்சி சுளிக்காம "சார், ஒன் மோஷன்"னு சொல்லி சொல்லி சிரிச்சுது. அந்தப் பொண்ணுக்கு மட்டும் அஞ்சுக்கு ஆறு ஸ்டார் குடுப்பேன்.

இப்ப அந்த கை. என்கிட்ட ஆட்டின் ராஜா, ஆட்டின் 9. நடுவுல முதல் மூணு: ஆட்டின் 4, ஆட்டின் ஜாக்கி, கிளாவர் 10. இன்னும் ஒரு ஆட்டின் வந்தா எனக்கு அஞ்சும் ஆட்டின், அதாவது கலரு. எதிர்ல மீசை வெச்ச ஒருத்தர் 400 வெச்சார், கட்டினேன். நாலாவது சீட்டு இஸ்பேட் 2, ரெண்டு பேரும் காசு வெக்காம டேபிளை சும்மா தட்டினோம். கடைசி சீட்டு, ஆட்டின் 8! உள்ளுக்குள்ள டமாரம் அடிக்குது. அவர் 1,000 வெச்சார், நான் கட்டினேன். பாட்டுல, அதாவது நடுவுல சேந்த காசுல, 3,500 சொச்சம். அவர் சீட்டை தொறக்கறார், டைமன் ராணி, இஸ்பேட் 9. எட்டு ஒம்போது பத்து ஜாக்கி ராணி. சீக்குவன்ஸ்.

நான் ஒரு பெருமூச்சு விட்டுட்டு என் சீட்டை அப்படியே குப்புற தள்ளி விட்டேன்.

மூணு சீட்டு ஆடறவங்களுக்கு இது எதுக்குன்னு புரியும். முப்பது வருஷமா நமக்கு சீக்குவன்ஸ் முன்னாடி கலரு செல்லாது. ஆனா போக்கர்ல கலருதான் பெருசு. ஏற்காட்டுல சுவத்துல சார்ட்டே ஒட்டி வெச்சிருந்தோம், மனப்பாடமா ஒப்பிச்சேன், ஆனா அந்த நேரத்துல கை பழக்கத்துக்குத்தான் போச்சு. ஊருக்கு வந்து பேப்பர் எடுத்து கணக்கு போட்டு பாத்தேன், மூணு சீட்டுல வரக்கூடிய 22,100 கையில வெறுங்கலரு 1,096, வெறும் சீக்குவன்ஸ் 720. அதனால சீக்குவன்ஸ் அபூர்வம். அதுவே அஞ்சு சீட்டுன்னா 25,98,960 கையில கலரு 5,108, சீக்குவன்ஸ் 10,200. அப்படியே தலைகீழ். ரெண்டு ஆட்டமும் அதது கணக்குல சரியாத்தான் இருக்கு, நாந்தான் செவ்வாப்பேட்டை கணக்க மாண்டோவிக்கு தூக்கிட்டு போயிருக்கேன்.

கை முடிஞ்சதும் பக்கத்து சீட்டுல இருந்த திருப்பூர்க்காரர், பனியன் கம்பெனியாம், மெதுவா கேட்டார். "ஏனுங் தம்பி, என்ன வெச்சிருந்தீங்?"

"ரெண்டுமே ஆட்டினுங்கண்ணா."

அவர் நடுவுல இருந்த சீட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார். "அட சாமி, தொறந்து போட்டிருந்தா அந்த புள்ளையே படிச்சு காசை உங்க பக்கம் தள்ளியிருக்குமுங்." அதான் ரூலு. தொறந்து போட்டா நாம வாயால தப்பா சொன்னாலும் டீலர் சீட்டைப் பாத்துதான் முடிவு சொல்வாங்க. குப்புற தள்ளிட்டா அது செத்த சீட்டு, பிரம்மாவே வந்தாலும் எழுப்ப முடியாது. புதுசா போறவங்க வேற எதுவும் ஞாபகம் வெக்கலன்னாலும் இத வெச்சுக்கோங்க, கடைசி வரைக்கும் நின்னா ரெண்டு சீட்டையும் நிமித்தி டேபிள்ல போட்டுட்டு கம்முனு இருங்க.

கையில 1,100 மிச்சம். இன்னொரு 5,000 வாங்கினேன், வீட்டுல இது தெரியாது. அதுக்கப்புறம் திருப்பூர்க்காரர் சொன்னபடி ஆடினேன். அவர் சொன்னது ரம்மி பாஷையில, ஸ்கூட்டுன்னா ஆடாம சீட்டை கீழ போட்டுடறது, அதனால டக்குனு ஏறுச்சு. "ரம்மில ஸ்கூட்டு உட்டா இருவது பாயிண்ட் தண்டமுங், நடுவுல உட்டா நாப்பது. இங்க பிளைண்டு நம்முளுது இல்லீன்னா ஸ்கூட்டு ஓசிதானுங், அப்பறம் எதுக்குங் எல்லாக் கைக்கும் போறீங்?" அட ஆமால்ல. அதுக்கப்புறம் பத்து கைக்கு எட்டு கை தூக்கிப் போட்டேன். போர் அடிக்குமான்னு கேட்டா, அடிக்கும். ஒரு மணி நேரத்துக்கு இருபத்தஞ்சு முப்பது கைதான் ஓடும், அதுல முக்கால்வாசி நேரம் அடுத்தவன் மூஞ்சியத்தான் பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஆனா அப்படி பாத்துட்டு இருந்ததுலதான் மீசைக்காரர் நல்ல கை வந்தா மட்டும் சில்லை அடுக்கறத நிறுத்திடுவார்னு கண்டுபுடிச்சேன். ரெண்டு மணி வாக்குல எனக்கு 8, 8. நடுவுல 8, ராஜா, 3. ஜோடி வெச்சிருந்தா முதல் மூணு சீட்டுல மூணாவது அமையறது எட்டு ஒம்போது தடவைக்கு ஒரு தடவைதான். மீசைக்காரர் சில்லு அடுக்கறத நிறுத்தினார், சரி அவர்கிட்ட ராஜா இருக்குன்னு தெரிஞ்சுது, அவரையே வெக்க விட்டு வெக்க விட்டு கட்டினேன். 2,900 லாபம். கை நடுங்கிச்சுங்க, பொய் சொல்லல.

மூணரைக்கு எந்திரிச்சப்ப கையில 7,350. அதாவது 2,650 நட்டம். சும்மா உக்காந்திருந்தாலே ஒரு சுத்துக்கு பிளைண்டு 150, மணிக்கு மூணு சுத்து வெச்சா 450. இது போக ஒவ்வொரு பாட்டுலயும் கேசினோ 5 சதவீதம் ஒரு லிமிட் வரைக்கும் எடுத்துக்கறாங்க, அதை டீலர் ஒரு ஓட்டைக்குள்ள போடறது கண்ணு முன்னாடியே நடக்கும். ஜெயிச்சுட்டா 30 சதவீதம் வரி வேற இருக்கு, நமக்கு அந்த கவலை வரல.

சாப்பாடு பத்தி கேக்காதீங்க. சாம்பார் இனிச்சுது. மீன் வறுவல் நல்லா இருந்துச்சு, நாலு தடவை போனேன். டான்ஸ் ஷோ நான் பாக்கல, பாத்தவன் "நம்ம பொருட்காட்சி மேடை பரவால்ல"ன்னான். சிகரெட் புகை தாங்கல. திரும்பற படகுக்கு முக்கா மணி நேரம் நிக்க வெச்சாங்க, குடிச்சவன் குடிக்காதவன் எல்லாம் ஒரே வரிசையில.

மொத்தத்துல போக்கர் ரூமுக்கு நாலு ஸ்டார், டீலருக்காகவும் சேருக்காகவும். கரையில இருக்க கவுண்டருக்கு ஒண்ணு. 3,500 பேக்கேஜு போக்கருக்காக மட்டும் போறவங்களுக்கு தண்டம், போக்கர் ஆடறவங்களுக்கு நுழைவு சலுகை இருக்கான்னு முன்னாடியே போன் பண்ணி கேளுங்க, நாங்க கேக்கல.

மே மாசம் மலர்க் கண்காட்சி கூட்டம் வர்றதுக்கு முன்னாடி மறுபடி நாகலூர் போறதா பிளான். மாமாகிட்ட சொன்னதுக்கு, இந்த தடவை கொட்டை தர முடியாது, போன தடவை பதினேழு வறுத்த கொட்டை கொறஞ்சுதுன்னு சொல்லிட்டார். ஜவ்வரிசிக்காரன் ஒரு மூட்டை கொண்டாரேன்னு சொல்லியிருக்கான், ஜவ்வரிசிய எப்படிடா எண்ணறதுன்னு இப்ப அதுல சண்டை ஓடிட்டு இருக்கு.