லைசென்ஸ் ஏஜென்றுக்கு 850 பவுண்: 5 புள்ளிக்கு 2

கிழக்கு லண்டனில பஸ் நிறுத்தத்துக்கு முன்னால நிக்கிற சின்னக் கடை எங்கட. போன வருசம் லீசை எடுக்கேக்க, முந்தி வைச்சிருந்தவர் மதுபான லைசென்ஸைத் திருப்பிக் குடுத்திட்டுப் போயிருந்தார் எண்டது எனக்குத் தெரியாது. கையெழுத்து வைச்ச பிறகுதான் தெரிஞ்சுது. பியர் இல்லாட்டி இந்தத் தெருவில பின்னேர யாவாரமே இல்லை. ஒரு கான் பியருக்கு வாற ஆள்தான் பாலும் பாணும் தூக்கிக்கொண்டு போறவர். வந்து, கூலரைப் பாத்து, வாய் திறக்காமல் திரும்பிப் போன ஆக்களை ஒரு வெள்ளிக்கிழமை எண்ணிப் பாத்தன். 23 பேர்.

தெரிஞ்ச ஒரு தம்பி சொல்லித்தான் லைசென்ஸுக்கு விண்ணப்பம் போட்டுத் தாற இந்த ஏஜென்றைப் பிடிச்சனான். கூலி 850 பவுண். கவுன்சில் கட்டணம் அதுக்குள்ள இல்லை. அது கடையின்ர ரேட்டபிள் வால்யூவை, அதாவது வரிக்காகக் கடைக்குப் போடுற வருச வாடகை மதிப்பைப் பாத்து வாறது. 4,301இல இருந்து 33,000 பவுண் வரைக்கும் எண்டால் விண்ணப்பத்துக்கு 190, பிறகு வருசா வருசம் 180. என்ர கடை அந்தப் பிரிவுதான். என்ர பேரில எடுக்கிற தனி லைசென்ஸுக்கு 37. அதுக்கு ஒரு நாள் வகுப்பும் சோதினையும் இருக்கு. 40 கேள்வி, 28 சரி வந்தால் பாஸ். 25 வருசத்துக்குப் பிறகு பென்சில் பிடிச்சனான், 36 எடுத்தன். ஊரில அம்மா போன் எடுத்தால் இப்பவும் "பாலும் பாணும் விக்கிறன்" எண்டுதான் சொல்லுறது. இந்த 36 பற்றி அவவுக்குத் தெரியாது.

முதல்ல நல்லதைச் சொல்லிவிடுறன். விண்ணப்பத்தோட குடுக்கிற கடை வரைபடம் வடிவாச் செய்து தந்தவர். நேர வந்து லேசர் வைச்சு அளந்து, கவுண்டர், வாசல், தீயணைக்கிற சிலிண்டர், எந்த றாக்கையில வைன், ஸ்பிரிட்ஸ் எல்லாம் கவுண்டருக்குப் பின்னால எண்டு ஒண்டு விடாமல் கீறினவர். உள்ளூர் பேப்பரில விளம்பரம் 10 வேலை நாளுக்குள்ள வர வேணும், அதையும் தவற விடேல்லை. ரெண்டு புள்ளியும் இதுக்குத்தான்.

இனி நீல நோட்டீஸ். விண்ணப்பம் போட்டால் 28 நாளைக்குக் கடை வாசலில நோட்டீஸ் ஒட்டியிருக்க வேணும். ஏ4 தாள், வெளிறின நீலம், கறுப்பு எழுத்து, எழுத்தின்ர அளவு 16க்குக் குறையக் கூடாது. இவர் என்ன செய்தவர்? ஈமெயிலில அனுப்பிப்போட்டு, "பிரின்ற் பண்ணி ஒட்டுங்கோ அண்ணை" எண்டார். நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் வெள்ளைத் தாளில எடுத்து ஒட்டிவிட்டன். ஆறாம் நாள் கவுன்சில் பிள்ளை ஒண்டு வந்து, கண்ணாடிக்கு வெளியில நிண்டு படம் எடுத்து, "இது வெள்ளை" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டுது. 28 நாள் திரும்ப ஒண்டில இருந்து. நீலத் தாள் 50 தாள் பக்கெற்றாத்தான் கிடைச்சுது. ரெண்டை ஒட்டினன், மிச்சத்தில கடன் கணக்கு எழுதிக்கொண்டிருக்கிறன்.

அதைக்கூட மன்னிக்கலாம். விண்ணப்பத்தில குற்றம் தடுக்க, ஆக்களுக்குப் பாதுகாப்பு, சத்தம் தொல்லை இல்லாமல் இருக்க, பிள்ளையளுக்குத் தீங்கு வராமல் இருக்க என்ன செய்வாய் எண்டு எழுதுற பகுதி ஒண்டு இருக்கு. லைசென்ஸின்ர உயிரே அதுதான். இவர் வேற எங்கேயோ போட்டதைப் பிரதி பண்ணியிருக்கிறார். நடனம் ஆடுற இடத்துக்குப் பக்கத்தில காவலாளிகள் நிப்பினமாம்! கூடையோட ரெண்டு பேர் எதிர் எதிர வந்தால் ஒராள் பின்னால நடக்க வேண்டிய கடை இது. நேரம் என்னைக் கேளாமல் 24 மணித்தியாலம் எண்டு போட்டிருக்கிறார். கேட்டால், "கூடக் கேட்டால்தான் அண்ணை, குறைச்சுத் தருவாங்கள்" எண்டு விளக்கம். மீன் சந்தை எண்டு நினைச்சிட்டார் போல.

அந்த 24 வினையாப் போச்சு. பொலிஸ் எதிர்ப்பு எழுதிச்சுது, மேல்மாடி வீட்டு மனிசியும் எழுதினவ. எதிர்ப்பு நிண்டால் கவுன்சிலர்மாருக்கு முன்னால விசாரணைக்குப் போக வேணும். ஏஜென்ற் விசாரணைக்கு ஆயத்தம் எண்டு தொடங்க, நான் அவரை விட்டிட்டு நானே பொலிஸ் லைசென்ஸிங் பகுதிக்கு எழுதினன். ரெண்டு நாளில பதில். 6.5 சதவீதத்துக்கு மேல பியர், சைடர் வேண்டாம், கமராப் பதிவு 31 நாள் வைச்சிரு, 25 வயசுக்குக் குறைய மாதிரித் தெரிஞ்சால் அடையாள அட்டை கேள், விக்க மறுத்ததை ஒரு கொப்பியில எழுது. இதில மறுக்க என்ன கிடக்கு? ஓம் எண்டன்.

மேல்மாடி மனிசியிட்டப் படியேறிப் போனன். அவவுக்குக் குடி பிரச்சினை இல்லை. இரவு 1 மணிக்கு ஷட்டர் இழுக்கிற சத்தம்தான், முந்தின ஆள் செய்த வேலை. நான் 11க்குப் பூட்டுறன் எண்டன். "எழுதித் தா" எண்டா. விண்ணப்பத்தில நேரத்தை 11 எண்டு மாத்தி, பிரதியை அவவிட்டக் குடுத்தன், எதிர்ப்பைத் திரும்ப எடுத்தா. விசாரணை இல்லாமலே லைசென்ஸ் வந்துது. ஷட்டருக்கு இப்ப மாதம் ஒருக்கா எண்ணெய் போடுறன்.

திரும்ப எடுக்க வேண்டி வந்தால், வரைபடத்துக்கு மட்டும் ஆள் பிடிப்பன். விண்ணப்பத்தை ஒன்லைனில போட்டால் பொலிஸுக்கும் மற்றப் பகுதியளுக்கும் பிரதி அனுப்புறது கவுன்சில்தான். தாளில போட்டால்தான் அது எங்கட தலையில.

போன கிழமை ஏஜென்றிட்ட இருந்து இன்னொரு பில் வந்தது. "விசாரணை ஆயத்தம், 150 பவுண்." எந்த விசாரணை எண்டு கேட்டு எழுதியிருக்கிறன். பதில் இல்லை.