மறதிக்கு எடுத்த மூளை ஸ்கேன்: படம் பிரமாதம், ரிப்போர்ட் சுமார்

மறதி நோயா என்று பார்க்க ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் தாராளமாகப் போங்கள். ஆனால் கவருக்குள் வரும் ரிப்போர்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்பாவுக்கு முதலில் எம்ஆர்ஐ. மெஷினில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆட்களிடம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. உலோகம் கூடாதென்று காது மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் "தலையை அசைக்காதீங்க, பயமா இருந்தா கையில இருக்கற இந்த ரப்பர் பல்பை அமுக்குங்க" என்று அப்பாவிடம் விளக்க ஆரம்பித்தார் ஸ்கேன் எடுக்கும் தம்பி. எதுவும் காதில் விழாமலே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார் அப்பா. காது மெஷினைத் திரும்ப மாட்டிவிட்டு நானே எடுத்துச் சொன்னேன். வயசானவர்கள் தினமும் வரும் இடத்தில் இதுகூடவா தெரியாது?

ரிப்போர்ட்டில் "வயதுக்கேற்ற சுருக்கம்" என்று ஒரே வரி. நரம்பியல் டாக்டர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராகப் படத்தைத் திரையில் போட்டார். ரத்தக்கட்டு, கட்டி, நீர் கோத்தல் எதுவும் இல்லை என்று முதலில் சொன்னார். இருந்திருந்தால் அவற்றுக்குத் தனி வைத்தியம் உண்டாம். அப்புறம் ஹிப்போகேம்பஸைக் காட்டினார். புது விஷயங்களை மனதில் பதியவைக்கும் பகுதி அது. அது சுருங்கினால் பக்கத்து இடைவெளி கறுப்பாக அகன்று தெரியும். அந்தச் சுருக்கத்துக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண், கூடக் கூடச் சுருக்கம் அதிகம். அப்பாவுக்கு 2. எழுபத்தைந்து தாண்டியவருக்கு இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

அதனால்தான் பெட் ஸ்கேன். மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் எடுக்கிறது என்று காட்டுவது அது. வெறும் வயிற்றில் போய், ரத்தச் சர்க்கரை பார்த்து, கதிரியக்கம் கலந்த குளுக்கோஸை ஊசியில் ஏற்றி, மங்கலான அறையில் பேசாமல் படுக்க வைத்தார்கள். அப்பாவைப் பேசாமல் வைப்பதுதான் பெரும்பாடு! மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய பகுதியும் உச்சிக்குப் பின்பகுதியும் குளுக்கோஸைக் குறைவாக எடுத்தது படத்தில் தெரிந்தது. அல்சைமரில் வழக்கமாகத் தெரிவது இதுதானாம்.

அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தைக் காட்டும் ஸ்கேனும் எடுக்கலாமா என்று கேட்டேன். மறதியே இல்லாத வயசானவர்கள் பலருக்கும் அமிலாய்டு இருக்கும், இப்போதைக்கு வேண்டாம் என்றார். அப்பா எப்போதிலிருந்து கணக்கு வழக்கில் தடுமாறுகிறார், தெரிந்த வழியைத் தவறவிட்டாரா என்று என்னைத் துருவித் துருவிக் கேட்டதையும் படத்தையும் சேர்த்து வைத்துத்தான் நோயின் பெயரைச் சொன்னார்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் படங்களை சிடியில் கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் தருகிறார்கள். அடுத்த ஸ்கேனை ஒப்பிட அது வேண்டும்.