ஒரு நீதிபதியைக் காதால் அறிய: கோர்ட்லிசனர் தளம் எப்படி?

ஓய்வு பெறும்வரை கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்தேன். நீதிபதி தீர்ப்பைச் சொல்லச் சொல்ல எழுதியே பணிக்காலம் போனது. அதனால் நீதிபதிகளை எனக்கு முகத்தைவிடக் குரலால்தான் தெரியும். எங்கே தயங்குகிறார், எந்த வாக்கியத்தை அடிக்கச் சொல்லிவிட்டு வேறு மாதிரி ஆரம்பிக்கிறார் என்பது பழகிவிட்டால் அவர் மனம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதும் பிடிபட்டுவிடும். அந்தக் காதோடு இருக்கும் எனக்கு 'கோர்ட்லிசனர்' தளம் பெரிய வரமாக வந்தது. அமெரிக்க நீதிமன்றங்களின் தீர்ப்புகள், வழக்கு ஆவணங்கள், வாத ஒலிப்பதிவுகள், நீதிபதிகளைப் பற்றிய விவரங்கள் எல்லாம் அங்கே ஒரே இடத்தில் கிடைக்கின்றன. படிக்கவும் கேட்கவும் காசு கிடையாது. ஃப்ரீ லா ப்ராஜெக்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு நடத்துகிறது.

தளத்தில் என்னென்ன பொத்தான்கள் இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டு போவதைவிட, ஒரே ஒரு நீதிபதியை அதில் தேடினால் என்ன கிடைக்கும் என்று சொல்வதே பயன்படும். நான் தேடியவர் வாஷிங்டனில் உள்ள டி.சி. சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் ஸ்ரீ ஸ்ரீநிவாசன். முழுப்பெயர் பத்மநாபன் ஸ்ரீகாந்த் ஸ்ரீநிவாசன். திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வேர் உள்ள குடும்பம். பிறந்தது 1967-ல், சண்டிகரில். வளர்ந்தது கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் அப்பா கணிதப் பேராசிரியர்.

வாழ்க்கைக் குறிப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஃபெடரல் ஜுடிஷியல் சென்டரின் நீதிபதிகள் பட்டியல் இருக்கிறது. 1789 முதல் நியமனமான ஆயுட்கால ஃபெடரல் நீதிபதிகள் அத்தனை பேருக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. யார் நியமித்தார், யார் காலி செய்த இடம், செனட் ஒப்புதல் தேதி, படிப்பு, பார்த்த வேலைகள். நம்பி எடுத்தாளலாம். ஆனால் 'பராக் ஒபாமாவால் நியமிக்கப்பட்டு 2013 மே 23 அன்று செனட்டால் உறுதிசெய்யப்பட்டார்' என்ற ஒற்றை வரிக்குப் பின்னால் எவ்வளவு நடந்தது என்று அது சொல்லாது. 2012 ஜூனில் முதல் முறை பெயர் போய், அந்த ஆண்டு முழுக்க வாக்கெடுப்பே நடக்கவில்லை. 2013 ஜனவரியில் மறுபடி அனுப்பினார்கள். 2006-க்குப் பிறகு அந்த நீதிமன்றத்துக்குப் புதிதாக ஒருவர்கூட வந்திருக்கவில்லை. இரு கட்சிகளும் அந்த இடங்களுக்காக அப்படி மல்லுக்கட்டிக்கொண்டிருந்தன. அந்தச் சூழ்நிலையில் இவருக்கு விழுந்த வாக்கு 97, எதிர்ப்பு பூஜ்யம். புஷ் காலத்திலும் ஒபாமா காலத்திலும் அரசின் சொலிசிட்டர் ஜெனரல் அலுவலகத்தில் இருந்து சுப்ரீம் கோர்ட்டில் வாதாடியவர் என்பதால் இரண்டு பக்கத்தாரும் அவர் வேலையை நேரில் பார்த்திருந்தார்கள். அமெரிக்க ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அமர்ந்த முதல் தெற்காசிய வம்சாவளி நீதிபதி இவர். பகவத் கீதையின் மேல் கை வைத்துப் பதவியேற்றார். பிரமாணம் செய்துவைத்தவர் ஓய்வு பெற்ற சுப்ரீம் கோர்ட் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். ஸ்ரீநிவாசன் இளம் வக்கீலாக 'லா கிளார்க்', அதாவது நீதிபதிக்குச் சட்ட உதவியாளர், வேலை பார்த்தது அவரிடம்தான்.

இனி ஒலிப்பதிவுகள். என் கணக்கில் இந்தத் தளத்தின் உயிரே இதுதான். நீதிபதியின் பெயரைப் போட்டால் அவர் அமர்ந்த பெஞ்சுகளின் வாதங்கள் வரும். அந்தத் தேடலையே பாட்காஸ்ட் மாதிரி போனில் சேர்த்துக்கொள்ளலாம்; புதிய வாதம் ஏறினால் தானாக வந்து நிற்கும். 2015 டிசம்பரில் நடந்த இணையச் சமநிலை வழக்கின் வாதத்தை முதலில் கேளுங்கள். இணைய இணைப்புத் தரும் கம்பெனிகள் எல்லாத் தளங்களையும் சமமாக நடத்த வேண்டும் என்ற விதியைப் பற்றியது. நீளமானதுதான். கேபிள், தொலைபேசிக் கம்பெனிகள் ஒரு பக்கம், தகவல்தொடர்பை ஒழுங்குபடுத்தும் அரசு ஆணையமான எஃப்.சி.சி. மறு பக்கம். ஸ்ரீநிவாசன் குரலை உயர்த்தவே மாட்டார். வக்கீல் சொன்னதை அவரைவிடத் தெளிவாகத் திருப்பிச் சொல்லி, 'நீங்கள் சொல்வது இதுதானே' என்று உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகுதான் அதில் உள்ள ஓட்டையைத் தொடுவார். நான் டிக்டேஷன் எடுத்தவர்களில் இந்தக் குணம் உள்ளவர்கள் அபூர்வம். 2016 ஜூனில் வந்த தீர்ப்பை அதே பெஞ்சில் இருந்த நீதிபதி டேட்டலும் இவரும் சேர்ந்து எழுதினார்கள். மூன்றாவது நீதிபதி வில்லியம்ஸ் பகுதியளவு மாறுபட்டார். வாதத்தைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பைத் திறந்தால், எந்தக் கேள்வி எந்தப் பத்தியாக மாறியது என்று கண்டுபிடிக்க முடிகிறது. எனக்கு இதைவிட நல்ல சட்டப் பாடம் தெரியாது.

2024 செப்டம்பர் 16-ன் டிக்டாக் வாதம் இன்னொன்று. சீனக் கம்பெனி டிக்டாக்கை விற்காவிட்டால் அமெரிக்காவில் அதற்குத் தடை என்ற சட்டம் செல்லுமா என்பது வழக்கு. அமெரிக்கா ஒரு நாட்டோடு போரில் இருக்கும்போது, அந்த எதிரி நாடு அமெரிக்காவுக்குள்ளே பெரிய ஊடகம் ஒன்றை வைத்திருப்பதைக் காங்கிரஸ் தடுக்கலாமா, கூடாதா என்று கேட்டு வக்கீலை ஓரிடத்தில் நிறுத்துகிறார். டிசம்பரில் வந்த தீர்ப்பில் மூன்று நீதிபதிகளும் சட்டம் செல்லும் என்றார்கள். இவர் மட்டும் தனியாக எழுதினார்: பேச்சுரிமையைத் தொடும் சட்டத்தை உரசிப் பார்க்க மற்ற இருவரும் வைத்த அவ்வளவு கடுமையான சோதனை தேவையில்லை, அதைவிடத் தளர்வான இடைநிலைச் சோதனையே போதும், அதிலேயே சட்டம் தேறும் என்று. 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் போனதும் அந்த இடைநிலைச் சோதனை வழியாகத்தான். ஒரு நீதிபதியின் தொழில் வாழ்க்கையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று கோர்ட்டில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

தீர்ப்புகளில் பேர் பெற்றவற்றை விட்டுவிட்டு, 2014-ல் வந்த, சியர்ரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட வழக்கைப் படியுங்கள். மேற்கு வர்ஜினியாவின் பிளேர் மலை, 1921-ல் நிலக்கரித் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்திப் போராடிய இடம். அதை வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்துப் பிறகு நீக்கிவிட்டார்கள். நீக்கியதைக் கேட்க உங்களுக்கு என்ன உரிமை என்பதுதான் வழக்கு. அந்த மலையைப் பார்த்து நினைவுகொள்கிறவர்களுக்கு அது சிதைந்தால் இழப்பு உண்டு, எனவே வழக்குப் போடலாம் என்று எழுதியிருக்கிறார். அலங்காரம் கிடையாது. ஒவ்வொரு வாக்கியமும் அடுத்ததைத் தாங்குகிறது.

நீதிபதிகளின் சொத்து அறிக்கைகளும் தளத்தில் உண்டு. தொகைகள் நேரடியாக இருக்காது, எழுத்துக்குறியில் இருக்கும்: மதிப்புப் பத்தியில் ஜே என்றால் 15,000 டாலர் வரை, கே என்றால் அதற்கு மேல் 50,000 வரை. தாங்கள் பங்கு வைத்திருந்த கம்பெனிகளின் வழக்குகளைப் பல நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள் என்று 2021-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் வெளிக்கொண்டுவந்ததற்கு இந்த அமைப்பு திரட்டிய அறிக்கைகளே அடிப்படை. அடுத்த ஆண்டே அறிக்கைகளை இணையத்தில் போட வேண்டும் என்று சட்டம் வந்தது.

ஃபெடரல் நீதிமன்றங்களின் ஆவணங்களைத் தரும் அதிகாரபூர்வமான பேசர் தளத்தில் வழக்கு ஆவணம் பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் நின்றால் வசூலிக்க மாட்டார்கள். ரீகேப் என்ற நீட்சியைப் பிரவுசரில் போட்டுக்கொண்டு ஒருவர் வாங்கினால், அதன் நகல் கோர்ட்லிசனரில் ஏறிவிடும், அடுத்தவருக்கு இலவசம்.

குறைகளும் உண்டு. ஒலிப்பதிவில் இப்போது பேசுவது எந்த நீதிபதி என்று அடையாளம் காட்டமாட்டார்கள். மூன்று குரலையும் நாமே பிரித்தறிய வேண்டும். எனக்குப் பழக்கம், புதியவருக்குத் திணறலாக இருக்கும். வக்கீல்கள் பெரும்பாலும் நீதிபதியின் பெயரைச் சொல்லித்தான் பதில் தொடங்குவார்கள், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெஞ்சின் பெயரில் மட்டும் வரும் கையெழுத்தில்லாத தீர்ப்புகளில் எழுதியவர் யார் என்று தெரியாது. எழுதியவர் பெயரை வைத்துத் தேடினால் அவை நழுவிவிடும். ரகசிய ஆவணங்கள் சம்பந்தப்பட்ட வாதங்களின் மூடிய பகுதி எங்கும் கிடைக்காது.

சட்ட மாணவர்களுக்கு என் சிபாரிசு: ஸ்ரீநிவாசன் 2020 பிப்ரவரியில் மெரிக் கார்லண்டுக்குப் பிறகு டி.சி. சர்க்யூட்டின் தலைமை நீதிபதியானார். அந்தப் பொறுப்பு ஏழு ஆண்டு. இவர் இருக்கும் பெஞ்சில் அந்த ஏழு ஆண்டும் நடுவில் அமர்ந்து வாதத்தை நடத்துகிறவர் இவரே. எனவே 2016 வாக்கில் ஒன்று, 2020-க்குப் பிறகு ஒன்று என்று இரண்டு பதிவுகளை எடுத்து அடுத்தடுத்துக் கேளுங்கள். நேரம் முடிந்த வக்கீலை இவர் எப்படி நடத்துகிறார் என்று மட்டும் கவனியுங்கள்.